காதல் என்னும் சொல்லின் அண்டை வீட்டார்

ஸ்பானிய மொழி கற்கத் தொடங்கிய முதல் ஆண்டில் நான் எழுதிய பயிற்சி ஏடு ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒரு சிறுகதையைச் சொந்த நடையில் சுருக்கி எழுதும் பயிற்சியில், நாயகன் நாயகியைக் கண்டதும் காதலில் விழுந்தான் என்பதற்கு 'காயோ என் அமோர்' என்று எழுதியிருக்கிறேன். ஆசிரியை அந்த மூன்று சொற்களையும் பச்சை மையால் அடித்துவிட்டு, மேலே 'சே எனமொரோ' என்று இரண்டு சொற்களை எழுதி, ஓரத்தில் 'இங்கே யாரும் விழுவதில்லை' என்று குறித்திருந்தார். நான் எழுதியதில் வினையின் காலம் சரி, பெயருக்கு முன் நிற்கும் முன்னிடைச்சொல் சரி, பெயர்ச்சொல்லும் சரி. அவை மூன்றும் சேர்ந்து நின்றதுதான் தவறு. ஆங்கிலத்தில் பிறந்த ஒரு சேர்க்கையை ஸ்பானியத்துக்குள் அப்படியே தூக்கி வைத்திருந்தேன்.

'ஒரு சொல்லை அது பழகும் கூட்டத்தைக் கொண்டு அறிவாய்' என்ற பொருள்பட ஆங்கிலேய மொழியியலாளர் ஜே. ஆர். ஃபர்த் 1957இல் எழுதினார். அகராதியில் தனியே நிற்கும்போது ஏறத்தாழ ஒரே பொருளைத் தரும் 'லவ்', 'அமோர்' ஆகிய இரு சொற்களும், எந்த வினையோடு வருகின்றன, எந்த முன்னிடைச்சொல்லை ஏற்கின்றன, எந்தச் சொல்லோடு ஜோடியாக நிற்கின்றன என்று பார்க்கத் தொடங்கினால், அவற்றின் வரலாறு அங்கேதான் எழுதப்பட்டிருப்பது தெரியவருகிறது. அந்தப் பச்சை மைக்குப் பிறகு, படிக்கும் நூல்களிலெல்லாம் இவ்விரு சொற்களின் அண்டை வீட்டாரைக் குறித்து வைப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

ஆங்கிலத்தின் 'லவ்' பழைய ஆங்கிலத்தில் 'லுஃபு'. ஜெர்மன் மொழியின் 'லீபே'யும், சமஸ்கிருதத்திலிருந்து நாம் வாங்கிக் கஞ்சனுக்குப் பெயராக வைத்துக்கொண்ட 'உலோபி'யும் அதே வேரிலிருந்து கிளைத்தவை. விரும்புதல், ஆசைப்படுதல் என்பது அவ்வேரின் பொருள். ஸ்பானியத்தின் 'அமோர்' லத்தீனிலிருந்து எழுத்துக்கூட மாறாமல் வந்தது. ஆயிரம் ஆண்டுகளில் இவ்விரு சொற்களின் உருவம் அதிகம் தேயவில்லை. தேய்ந்ததும் வளர்ந்ததும் இடம் மாறியதும் அவற்றை அடுத்திருந்த சொற்கள்தான்.

முதலில் என்னை வியக்க வைத்தது, சித் என்னும் வீரனைப் பாடும் பழைய ஸ்பானியக் காவியமான எல் சித். அதன் கையெழுத்துப் பிரதியின் இறுதியில் காணப்படும் குறிப்பு 1207ஆம் ஆண்டைச் சுட்டுகிறது. மன்னன் அல்ஃபோன்சோவின் சினத்துக்கு ஆளாகி நாடு கடத்தப்பட்ட சித், பல வெற்றிகளுக்குப் பிறகு தாகோ ஆற்றங்கரையில் மன்னனைச் சந்திக்கிறான். மண்டியிட்டு, கைகளை ஊன்றி, தரையில் முளைத்திருக்கும் புல்லைப் பற்களால் கடித்து எடுக்கிறான். எழச் சொல்லும் மன்னனிடம், தான் இப்படியே இருக்கும்போது, இங்குள்ளோர் அனைவரும் கேட்கும்படி, உங்கள் 'அமோர்' எனக்குத் தாருங்கள் என்று வேண்டுகிறான். மன்னனும் 'இங்கே உம்மை மன்னிக்கிறேன், என் அமோரை உமக்குத் தருகிறேன்' என்கிறான். முதல்முறை இதைப் படித்தபோது அந்த வரியில் நான் தடுக்கி நின்றேன். இங்கே 'அமோர்' என்னும் சொல்லின் துணை 'தருதல்' என்னும் வினை. அதன் எதிர்ச்சொல் வெறுப்பு அன்று, அரசனின் சினம். அச்சினம் அக்காலத்தில் ஒரு மனநிலை மட்டுமன்று, குடிமகனின் நிலத்தையும் ஊரையும் பறிக்கும் சட்டநிலை. ஆகவே அதை நீக்கும் அமோரும் சாட்சிகள் முன்னிலையில் வழங்கப்படவேண்டிய ஒன்றாயிற்று.

ஆங்கிலத்திலும் இதற்கு இணை உண்டு. இடைக்கால இங்கிலாந்தில் வழக்காடும் இரு தரப்பினரும் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் பேசிக்கொள்ளக் குறித்த நாளுக்கு 'லவ்டே' என்று பெயர். 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் சாசர் தம் யாத்திரைக் கதைகளின் முன்னுரையில் வரும் துறவி ஒருவரை அத்தகைய நாள்களில் பெரிதும் உதவக்கூடியவர் என்று அறிமுகப்படுத்துகிறார். 1458 மார்ச் 25 அன்று இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஹென்றி, பகைத்து நின்ற யார்க், லங்காஸ்டர் தரப்பினரை லண்டன் புனித பவுல் பேராலயத்துக்கு ஊர்வலமாகக் கைகோத்து நடக்கச் செய்தார். அதுவும் வரலாற்றில் 'லவ்டே' என்றே வழங்குகிறது. அந்தச் சமாதானம் நீடிக்கவில்லை, உள்நாட்டுப் போர் மூண்டது. ஆனால் 'லவ்' என்பது ஒரு நாளோடு, ஒரு வழக்கோடு, ஓர் ஊர்வலத்தோடு இயல்பாகச் சேர்ந்து நின்ற காலம் ஒன்று இருந்ததற்கு அந்தக் கூட்டுச்சொல் சான்று. இன்று இவ்விரு மொழிகளிலும் காதல் தனி மனித நெஞ்சுக்குள் குடியிருக்கும் பொருள். அன்று அது பலர் காணப் பொதுவெளியிலும் கைமாறிய பொருள்.

அதே எல் சித் காவியத்தில், நாடு கடத்தப்பட்டுப் புறப்படும் வேளையில், சித் தன் மனைவி ஹிமேனாவிடம் 'என் உயிரைப் போல உங்களை அத்தனை நேசித்தேன்' என்கிறான். அங்கே அவன் ஆளும் வினை, அமோரின் வினைவடிவமான 'அமார்' அன்று, 'கெரேர்'. தேடுதல், கேட்டுப் பெறுதல் என்று பொருள்பட்ட லத்தீன் வினை ஒன்று ஸ்பானியத்தில் 'வேண்டுதல்' என்றாகி, அங்கிருந்து 'நேசித்தல்' என்றும் ஆகியிருந்தது. இன்றும் 'தே கியேரோ' என்று ஒருவர் சொன்னால், சொல்லுக்குச் சொல் 'உன்னை வேண்டுகிறேன்' என்றாலும், கேட்பவர் காதில் அது அன்பாகவே விழுகிறது. தாய் பிள்ளையிடமும், நண்பர் நண்பரிடமும், காதலர் தமக்குள்ளும் அதைச் சொல்கின்றனர். 'தே ஆமோ' என்பது பொதுவாக அதனினும் கனமானது. ஆங்கிலத்தில் ஒரே வினை இந்த இரண்டு வேலைகளையும் செய்யவேண்டியிருப்பதால், அது வேறுபாட்டை முன்னிடைச்சொல்லிடம் ஒப்படைத்திருக்கிறது: ஒருவரை 'லவ்' செய்வது வேறு, ஒருவரோடு 'இன் லவ்' ஆக இருப்பது வேறு. 'இன்' என்னும் ஈரெழுத்துச் சொல்லை நீக்கினால் ஒரு திருமணம் முறிகிற அளவுக்கு அங்கே பொருள் மாறிவிடும்.

என் ஏட்டின் பிழைக்கு வருகிறேன். 'ஃபால் இன் லவ்' என்னும் சேர்க்கை 15ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கில எழுத்தில் தென்படுகிறது. நோயில் விழுதல், உறக்கத்தில் விழுதல், பாவத்தில் விழுதல் ஆகியவற்றுக்கும் ஆங்கிலம் அதே வினையைத்தான் ஆள்கிறது. தன் விருப்பமின்றி ஒரு நிலைக்குள் சறுக்குவதைச் சொல்லும் வினை அது. காதலை மருத்துவர்கள் உண்மையிலேயே நோயாக எண்ணி மருந்து எழுதிய காலம் அது என்பதை நினைவில் கொள்ளவேண்டும். சாசரே காதலரின் பிணியை மருத்துவ நூல்கள் வைத்த 'ஹெரியோஸ்' என்னும் பெயரால் குறிப்பிடுகிறார். ஸ்பானியம் அந்த நோயை 'மால் தே அமோரெஸ்' என்று நேரடியாகப் பெயராக்கிக்கொண்டது, ஆனால் விழவில்லை. 'எனமொரார்சே' என்பது 'அமோர்' என்னும் பெயரையே வினையாக்கி, முன்னால் 'என்' என்னும் ஒட்டைச் சேர்த்தது. முதுமை அடைதல், செல்வம் அடைதல், பித்துப் பிடித்தல் ஆகியவற்றையும் ஸ்பானியம் இதே ஒட்டைக்கொண்டு அமைக்கிறது. அங்கே காதல் என்பது குழி அன்று. ஒருவர் படிப்படியாக வேறொருவராக மாறும் மாற்றம். தமிழில் 'காதல் கொண்டாள்', 'மையலுற்றான்' என்று கொள்ளவும் உறவும் செய்துவந்த நாமும் இப்போது தயங்காமல் காதலில் விழுகிறோம் என்பதை இங்கே எண்ணாமல் இருக்க முடியவில்லை.

முன்னிடைச்சொல்லும் கவனிக்கத்தக்கது. ஆங்கிலத்தில் ஒருவர் 'வித்', அதாவது உடன், காதலில் இருப்பார். ஸ்பானியத்தில் ஒருவர் 'தே', அதாவது இன்னாரிலிருந்து அல்லது இன்னாரின், காதலராக ஆவார். காதலின் ஊற்று எதிரே இருப்பவரிடம் இருப்பதாக அந்தச் சிறு சொல் கருதுவதுபோல் எனக்குத் தோன்றும். ஆனால் ஆங்கிலத்திலும் அதே ரோமானியக் குடும்பச் சொல் ஒன்று பழைய பிரெஞ்சு வழியாக வந்து தங்கியிருக்கிறது. 'எனமர்ட்' என்னும் அச்சொல், 'வித்' என்பதை விட்டு 'ஆஃப்' என்பதை நாடுகிறது. மந்திர மயக்கம் தெளிந்த ஷேக்ஸ்பியரின் தேவதை அரசி, தான் ஒரு கழுதையின் மேல் காதல் கொண்டிருந்ததாகத் தோன்றிற்று என்று சொல்லும் இடத்தில் அந்த 'ஆஃப்' இருக்கிறது. சொல் கடல் கடந்து வந்தபோது தன் துணையையும் கையோடு மொழிபெயர்த்துக் கொண்டுவந்திருக்கிறது.

அடைமொழிகளில் ஒன்றிரண்டைச் சொல்லவேண்டும். பழைய ஆங்கிலத்தில் 'ட்ரெயோலுஃபு' என்றொரு கூட்டுச்சொல் உண்டு. அதன் முன்பகுதியான 'ட்ரெயோ' வாக்குறுதியையும் விசுவாசத்தையும் குறித்தது. கொடுத்த சொல்லைக் காக்கும் அன்பு என்பது அதன் பொருள். இன்றைய 'ட்ரூ லவ்' அதன் வாரிசுதான். ஆனால் இன்று அதைக் கேட்பவர், போலி அல்லாத அன்பு என்றே பொருள் கொள்கிறார். உள்ளே இருந்த வாக்குறுதி கசிந்து வெளியேறிவிட்டது. ஸ்பானியத்தில் 14ஆம் நூற்றாண்டின் பெரும்புலவர் ஹுவான் ருயிஸ் தம் நூலில் 'புவென் அமோர்' என்னும் நல்ல அன்பையும் 'லோகோ அமோர்' என்னும் பித்த அன்பையும் எதிரெதிரே நிறுத்தினார். பின்வந்த அறநூலார் பித்த அன்பைக் கண்டித்து எழுதிக் குவித்தனர். இன்று ஒருவரை 'லோகமென்தே', அதாவது பித்தாகக் காதலிப்பதாகச் சொல்வதில் கண்டனம் துளியும் இல்லை; அது பாராட்டுக்கு உரிய அளவுகோலாகவே ஆகிவிட்டது.

ஒரே பொருளுடைய இரு சொற்களை அருகருகே நிறுத்தும் பழக்கம் ஆங்கிலத்துக்கு உண்டு. 1549ஆம் ஆண்டின் ஆங்கிலிக்கன் பொது வழிபாட்டு நூலில், மணமக்களின் உறுதிமொழியில் 'லவ்', 'செரிஷ்' என்னும் இரு வினைகள் ஜோடியாக நிற்கின்றன. முதலாவது மண்ணின் சொல்; இரண்டாவது பிரெஞ்சிலிருந்து வந்தது, 'அருமையான' என்று பொருள்பட்ட லத்தீன் 'காருஸ்' அதன் மூலம். ஆவணங்களில் வரும் 'லவ் அண்ட் அஃபெக்ஷன்' என்னும் சட்டத் தொடரிலும் இதே அமைப்புதான். இரு மொழிகள் புழங்கிய ஒரு நாட்டின் அடையாளம் அந்த ஜோடிகளில் இருக்கிறது. 1969இல் திருத்தப்பட்ட கத்தோலிக்கத் திருமணச் சடங்கின் ஸ்பானிய வடிவத்தில், அன்பு செய்வதோடு சேர்ந்து நிற்பது மதிப்பளிப்பது. போற்றிப் பேணுவதாகச் சொல்வதும் மதிப்பதாகச் சொல்வதும் இருவேறு வீடுகளைக் கட்டும் என்று நினைக்கிறேன்.

விவிலியத்தில் இவ்விரு மொழிகளும் ஏறத்தாழ ஒரே வழியில் நடந்திருக்கின்றன. வில்லியம் டின்டேல் 1526இல் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தபோது, பவுல் அன்பைப் புகழும் புகழ்பெற்ற அதிகாரத்தில் 'லவ்' என்று எழுதினார். கத்தோலிக்க அறிஞர் தாமஸ் மோர் அதை வன்மையாகக் கண்டித்தார். 'சாரிட்டி' என்னும் திருச்சபையின் சொல்லே தகும் என்பது அவர் வாதம். 1611ஆம் ஆண்டின் அரசாணைப் பதிப்பு அந்த அதிகாரத்தில் 'சாரிட்டி'க்குத் திரும்பியது. 1881இன் திருத்தப் பதிப்பு மீண்டும் 'லவ்' என்றது. ஸ்பானியத்தின் ரெய்னா-வலேரா விவிலியம் 1909ஆம் ஆண்டுப் பதிப்பில் 'கரிதாத்' என்கிறது, 1960ஆம் ஆண்டுப் பதிப்பில் 'அமோர்' என்கிறது. இடைப்பட்ட காலத்தில் 'சாரிட்டி'யும் 'கரிதாத்'தும் ஏழைக்கு இடும் காசோடு சேர்ந்து சேர்ந்து, அன்பு என்னும் முழுப்பொருளைச் சுமக்கும் வலிமையை இழந்திருந்தன. கெட்ட சகவாசம் என்று அதைச் சொல்லமாட்டேன். ஆனால் அடிக்கடி சேர்ந்து நிற்கும் சொல் தன் துணையின் சாயலை வாங்கிக்கொள்ளும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை.

மற்றொரு சான்று பல வாசகரைத் திடுக்கிட வைப்பது. ஜேன் ஆஸ்டினின் 'எம்மா' 1815 டிசம்பரில் வெளிவந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, விருந்து முடிந்து திரும்பும் வண்டியில் எம்மாவும் இளம் பாதிரியார் எல்டனும் தனியே இருக்க நேர்கிறது. வெளியே பனி. பேச்சை வானிலையில் தொடங்கிவிடலாம் என்று அவள் எண்ணும்போதே, அவள் கையை அவர் பற்றுகிறார். அடுத்த கணம் அவர் அவளிடம் தீவிரமாக 'மேக்கிங் லவ்' செய்துகொண்டிருக்கிறார் என்று ஆஸ்டின் எழுதுகிறார். அவர் செய்தது காதலைச் சொற்களால் கொட்டியது மட்டுமே. 16ஆம் நூற்றாண்டு முதல் அத்தொடருக்கு அதுதான் பொருள்: காதல் பேசுதல், நயந்து பின்தொடர்தல். 20ஆம் நூற்றாண்டில்தான் உடலுறவு என்னும் பொருள் அதில் ஏறி அமர்ந்து, பழைய பொருளை வெளியே தள்ளிற்று. இன்றைய இளம் வாசகர் அந்த வண்டிக் காட்சியை எப்படிப் படிப்பார் என்று எண்ணும்போது எனக்கு உண்மையாகவே கவலை ஏற்படுகிறது. ஒரு நாகரிகமான எழுத்தாளரின் மிக நுட்பமான வரி ஒன்று, அவர் எழுத்து ஒன்றுகூட மாறாமலே சிதைந்துவிட்டது.

வியப்பு என்னவென்றால், ஸ்பானியத்தின் 'அசேர் எல் அமோர்' என்னும் தொடருக்கும் இதே கதிதான் நேர்ந்தது. 19ஆம் நூற்றாண்டு நாவல்களில் ஓர் இளைஞன் பால்கனியில் நிற்கும் பெண்ணுக்குத் தெருவில் நின்றபடியே 'அசேர் எல் அமோர்' செய்ய முடிந்தது. இன்று முடியாது. முன்னிடைச்சொல்லும் உடன் மாறியிருக்கிறது. அன்று அத்தொடர் 'ஆ' என்பதை ஏற்று ஒருவரை நோக்கிச் சென்றது. இன்று அது பெரும்பாலும் 'கோன்' என்பதை ஏற்று ஒருவரோடு நிகழ்கிறது. வெளிப்படையாகச் சொல்ல நாணியதை மறைப்பதற்கு இரு சமூகங்களும் கையருகே இருந்த ஒரு மென்மையான தொடரை எடுத்துக்கொண்டன. மறைக்க எடுத்த துணியே பிறகு பொருளாகிவிட்டது.

கைகூடாத காதலைச் சொல்வதில் இரு மொழிகளும் பிரிகின்றன. ஆங்கிலத்தின் 'அன்ரிக்வைட்டட்' என்னும் அடைமொழிக்குள் கடன் தீர்த்தலைச் சொல்லும் வினை இருக்கிறது. அக்காதல் திருப்பிச் செலுத்தப்படாத கடன். ஸ்பானியத்தில் அது 'நோ கொர்ரெஸ்பொந்திதோ', ஈடாக எதிர்வினை பெறாதது. கடிதப் போக்குவரத்துக்கும் அம்மொழியில் அதே வேரின் சொல்தான். 'அமோருக்கு அமோரே விலை' என்று பொருள்படும் பழமொழி ஸ்பானியத்திலும் உண்டு என்பதால், கடன் கணக்கு அவர்களுக்குத் தெரியாதது அன்று. ஆனாலும் பதில் வராத கடிதம் என்னும் துயரம் எனக்கு நெருக்கமானதாகப் படுகிறது.

'கரின்யோ' பற்றி ஒரு சொல். இன்று அது பாசம், செல்லம், அன்பானவரை விளிக்கும் சொல். அதன் தொடக்கப் பொருள் ஏக்கம். இல்லாமையைச் சொன்ன லத்தீன் வினையே அதன் வேர் என்பது ஸ்பானிய அகாதமியின் அகராதி காட்டும் வழி. அருகில் இல்லாதவருக்காக ஏங்குவதைச் சொன்ன சொல், அருகில் இருப்பவரைக் கொஞ்சுவதற்கு வந்திருக்கிறது.

சென்ற மாதம் ஒரு ஸ்பானியக் கதையின் சில பக்கங்களைத் தமிழில் எழுதிப் பார்த்தேன். அதில் ஒரு மூதாட்டி 'அல் அமோர் தே லா லும்ப்ரே' அமர்ந்திருந்தார். சொல்லுக்குச் சொல் 'நெருப்பின் அன்பில்'. வழக்கில், சூடு உடலில் படும் தொலைவில் தீயருகே இருத்தல். நீரோட்டத்தின் போக்கிலேயே மிதந்து செல்வதற்கும் 'அல் அமோர் தெல் ஆகுவா', நீரின் அன்பில், என்றொரு தொடர் அம்மொழியில் உண்டு. இணங்கி நிற்றல் என்னும் பழைய அமோரின் ஒரு சாயல் இத்தொடர்களில் மட்டும் உறைந்து தங்கியிருக்கிறது. முதலில் 'கணப்பின் அன்பில்' என்று எழுதினேன்; தமிழில் அது வலிந்து புனைந்த கவிதையாக ஒலித்தது. 'கணப்பின் அணைப்பில்' என்று மாற்றியபோது மகிழ்ந்தேன், ஆனால் அடுத்த நாள் படித்ததும் பேனாவை எடுத்தேன்: தீயின் அருகே நின்றால் நம் மொழியில் அணைப்பு என்பது தழுவலைக் காட்டுவதைவிட அவித்தலையே காட்டும். மூதாட்டியின் கணப்பை நானே அவித்திருக்கிறேன். கடைசியில் 'கணப்பின் கதகதப்பில்' என்று எழுதி வைத்திருக்கிறேன். சூடு வந்துவிட்டது, அமோர் வரவில்லை. அந்த வரிக்கு நேரே ஓரத்தில், இம்முறை என் கையாலேயே, பச்சை மையில் ஒரு கேள்விக்குறி இருக்கிறது.